பாங்காக்கில் நான்கு நாள்: பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

பாங்காக் போகிறவர்களுக்கு முதலில் வரும் பயம், யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்பதுதான். உண்மையில் அந்த ஊரில் பணத்தை விட அதிகமாகத் தொலைவது நேரம். வரைபடத்தில் ஆறு கிலோமீட்டர் என்று தெரிகிற தூரம், மாலை ஆறு மணிக்கு டாக்சியில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதையே ரயிலில் போனால் கால் மணி நேரம், இருபது நிமிடம். ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ரயில் போகும் பகுதியா போகாத பகுதியா, காலையா மாலையா என்ற மூன்றையும் பார்க்காமல் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதால்தான் நான்கு நாளில் இரண்டு நாள் சாலையில் போகிறது.

கீழே வரும் கட்டணங்களை ஒரு பாட் ஏறத்தாழ மூன்று ரூபாய் என்று போட்டுக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

புறப்படும் முன்பே நடக்கும் தவறுகள்

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். விமானத்தில் தாள் கொடுப்பார்கள், எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் அது நடக்காது. இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். கட்டணம் கிடையாது. தவறு நடப்பது இங்கேதான்: தேடுபொறியில் போட்டால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த தனியார் தளம். அதே படிவத்தை நிரப்பித் தர ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். தாய்லாந்துக் குடியேற்றத் துறையின் தளம் பணமே கேட்காது. பணம் கேட்கிற பக்கம் வந்தால் அப்படியே மூடிவிடுங்கள். ஒருவருக்கு ஓர் அட்டை, கைக்குழந்தைக்கும் சேர்த்து. வரும் கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் வைஃபை கிடைக்கும் என்று நம்பி வரிசையில் நிற்க வேண்டாம்.

விசா விஷயத்தில் தெரிந்தவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அதற்கு முன் வேறு விதி, அதற்கும் முன் வேறு விதி. டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்ப்பதே சரி. விசா வேண்டாம் என்றால் கேள்வியே இருக்காது என்று அர்த்தமில்லை. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, கையில் கொஞ்சம் ரொக்கம் மூன்றும் எடுத்துக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, மாதம். பள்ளி விடுமுறை என்று ஏப்ரலில் குடும்பத்தோடு கிளம்புவது நம் ஊர் வழக்கம். பாங்காக்குக்கும் அதுதான் உச்ச வெயில் மாதம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களின் புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளும் அதுவும் சூரியன் மேஷத்துக்குள் போகும் அதே கணக்கில் வருபவை. அந்த மூன்று நாளும் சீலோம், காவ்சான் சாலைகளில் தலை முதல் கால் வரை நனையாமல் நடக்க முடியாது, சிறு கடைகள் பல மூடியிருக்கும். விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. கோயிலும் அரண்மனையும் பார்க்கத்தான் என்றால் அந்த வாரத்தை விட்டுவிடலாம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், சந்துகளில் தண்ணீர் நிற்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கத் தோதான காலம், ஆனால் ஜனவரிக்கு மேல் சில நாட்கள் காற்று மாசு கண்ணை எரிக்கும்.

டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. பாங்காக்கில் இரண்டு உண்டு: சுவர்ணபூமி, டான் முவாங். ஏர் ஏஷியா போன்ற மலிவு விமானங்கள் பெரும்பாலும் டான் முவாங்கில். சுவர்ணபூமியில் இறங்கி மூன்று மணி நேரத்தில் டான் முவாங்கிலிருந்து புக்கெட்டுக்கோ கிராபிக்கோ விமானம் பிடிக்கலாம் என்று போட்டவர்கள் அதைத் தவறவிடுவதுதான் வழக்கம். குடியேற்ற வரிசை, பெட்டி, பிறகு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாலைப் பயணம். அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்து உண்டு. ஆனாலும் இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

தங்கும் இடத்தில் போகிற பணம்

நம் ஆட்களுக்குப் பிரதுநாம் என்ற கடைவீதிப் பகுதி பிடிக்கும். இந்தியச் சாப்பாடு கிடைக்கும், துணிக்கடைகள் பக்கத்திலேயே, அறை வாடகையும் பரவாயில்லை. குறை என்னவென்றால், அந்தச் சந்திப்பில் போக்குவரத்து நகராது, ஸ்கைட்ரெயின் நிலையமும் இல்லை. சிட் லோம் நிலையத்துக்கு நடைமேம்பாலம் வழியாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். கடைக்காகவே போகிறவர்களுக்கு அது போதும். ஊர் சுற்றப் போகிறவர்கள் பிடிஎஸ் (மேம்பாலத்தில் ஓடும் ஸ்கைட்ரெயின்) அல்லது எம்ஆர்டி (சுரங்க ரயில்) நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் அறை எடுப்பதே நல்லது. ஒரு நாளைக்கு அறைக்கு 300 பாட் மிச்சம் பிடித்து, டாக்சிக்கு 500 பாட் கொடுப்பதில் என்ன லாபம்?

சுகும்வித் என்று முகவரி இருந்தாலே நிலையம் பக்கம் என்று எண்ண வேண்டாம். சுகும்வித் ஒரு நீண்ட நெடுஞ்சாலை. அதிலிருந்து பிரியும் தெருக்களை 'சோய்' என்பார்கள். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் எண்கள் ஒன்றாக நடப்பதில்லை, சோய் 21-க்கு நேர் எதிரே 22 இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகும். ஹோட்டலின் இடத்தை வரைபடத்தில் வைத்து, நடை தூரத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். காவ்சான் சாலைப் பக்கம் அரண்மனைக்கு அருகில் என்று எடுப்பார்கள். அங்கே ரயிலே இல்லை, இரவு இரண்டு மணி வரை சத்தம் வேறு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒத்துவராது.

சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல விடியற்காலையில் போய் இறங்கும். பயணம் மூன்றரை மணி நேரம், கடிகாரம் நம்மை விட ஒன்றரை மணி நேரம் முன்னால். ஆக, இரவு முழுக்கத் தூக்கமில்லை. அறை கிடைப்பது பகல் இரண்டு மணிக்கு. அந்த நாளில் போய் அரண்மனை, ஆறு, இரவுப் படகு விருந்து என்று மூன்றையும் அடைத்து வைப்பவர்கள், படகில் உட்கார்ந்து தூங்குகிறார்கள். முதல் நாள் பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் வைத்துவிட்டு, குளிர்சாதனம் உள்ள ஏதாவது ஓர் இடம், மாலையில் ஒரு கால் மசாஜ். அவ்வளவு போதும்.

ரயில், படகு, டாக்சி

சுவர்ணபூமியின் அடித்தளத்தில் நகர ரயில் நிற்கிறது. பயா தாய் வரை அரை மணி நேரம், அதிகபட்சக் கட்டணம் 45 பாட். மக்கசானில் இறங்கினால் எம்ஆர்டி, பயா தாயில் இறங்கினால் பிடிஎஸ். இரண்டு பேர், சின்னப் பெட்டி, பகல் நேரம் என்றால் இதை விட்டு டாக்சி ஏறுவது வீண். நாலு பேர், பெரிய பெட்டிகள், நள்ளிரவு என்றால் டாக்சிதான். டாக்சிக்கு முதல் தளத்துக்கு வர வேண்டும். அங்கே இருக்கும் இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் எந்த எண் வரிசை என்று வரும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், பொருள் மறந்தாலும் தகராறு வந்தாலும் அதுதான் ஆதாரம். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், உயர்மட்டச் சாலைக்கான சுங்கம் பயணி கொடுப்பது. இவை இரண்டும் ஏமாற்று அல்ல, சண்டை போட வேண்டாம். வருகைக் கூடத்துக்குள்ளேயே அட்டை பிடித்துக்கொண்டு 'டாக்சி, டாக்சி' என்று வருகிறவர் கேட்பதுதான் இரண்டு மடங்கு.

ஊருக்குள் மீட்டர் போட மாட்டேன் என்கிற ஓட்டுநரிடம் பேரம் பேசி நிற்பது நேரக் கேடு. கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டிக்குக் கைகாட்டுங்கள், அல்லது கிராப், போல்ட் செயலிகளில் போடுங்கள். பெரிய ஹோட்டல், கோயில் வாசல்களில் நிறுத்தி வைத்திருக்கும் டாக்சியில் ஏறாமல், ஓடிக்கொண்டிருக்கும் டாக்சியை நிறுத்துவது நல்லது. நிற்கிறவர் சுற்றுலாப் பயணிக்காகவே காத்திருப்பவர். இடத்தின் பெயரைத் தாய் எழுத்தில் கைப்பேசியில் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும். ஆங்கிலப் பெயர்கள் பலருக்குப் புரியாது. 'வாட்' என்றால் கோயில். அரண்மனையை அதன் வளாகத்தில் இருக்கும் கோயிலின் பெயரால் 'வாட் பிரா கேயோ' என்றும், ஆற்றோரக் கோயிலான வாட் அருணை 'வாட் சேங்' என்றும் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள்.

ரயிலில் குழப்பம் அட்டையில் வரும். பிடிஎஸ் ஸ்கைட்ரெயினும் எம்ஆர்டி சுரங்க ரயிலும் வேறு வேறு நிறுவனங்கள். பிடிஎஸ்ஸின் ராபிட் அட்டை எம்ஆர்டி நீல வழித்தடத்தில் செல்லாது. ஒரே நிலையம் போலத் தெரிகிற பிடிஎஸ்ஸின் அசோக், எம்ஆர்டியின் சுகும்வித் இரண்டிலும் வெளியே வந்து வேறு சீட்டு எடுத்து மறுபடி நுழைய வேண்டும். எம்ஆர்டியில் விசா, மாஸ்டர் கார்டு அட்டையை நேரடியாகத் தொட்டுப் போகலாம். இந்திய அட்டையாக இருந்தால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் வங்கிச் செயலியில் முன்பே திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வாசலில் சிவப்பு விளக்குதான். நுழைந்த அதே அட்டையால்தான் வெளியேறவும் வேண்டும். ஒருவர் அட்டையில் குடும்பமே போக முடியாது, ஆளுக்கு ஒன்று. பிடிஎஸ்ஸின் ஒருநாள் சீட்டு 24 மணி நேரம் என்று நினைத்து மாலையில் வாங்குகிறார்கள். அது அன்று நள்ளிரவோடு முடியும், பிடிஎஸ்ஸில் மட்டும்தான் செல்லும். ஒரே நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்கினால் ஒழிய கட்டுபடியாகாது.

ஆற்றைப் பார்க்க வேண்டிய காட்சியாக மட்டும் நினைப்பதே பெரிய இழப்பு. சாவ் பிரயா இந்த ஊரின் நெரிசலில்லாத நெடுஞ்சாலை. பிடிஎஸ் சபான் தக்சின் நிலையத்துக்குக் கீழேயே சாதோன் படகுத்துறை. அங்கே முகப்பில் இருப்பவர்கள் நீலக்கொடி சுற்றுலாப் படகின் பக்கமே அனுப்புவார்கள். உள்ளூர் மக்கள் போகும் ஆரஞ்சுக்கொடிப் படகு எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். கொடியின் நிறத்தைப் பார்த்து ஏறினால் போதும். படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும், ஏறத் தயாராக முன்னால் நிற்க வேண்டும். இறங்க வேண்டிய துறைக்கு முன்பே எழுந்து பின்பக்கம் வந்துவிட வேண்டும். துறவிகளுக்கென ஒதுக்கிய இடத்தில் உட்காரக் கூடாது. மாலை ஆறுக்கு மேல் இந்தப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சேன் சேப் வாய்க்கால் படகை வெளியூர்க்காரர்கள் தொடுவதே இல்லை. பிரதுநாமிலிருந்து பழைய நகரின் பான்ஃபா துறைக்கு, சாலை முழுக்க முடங்கிக் கிடக்கும் நேரத்திலும், இருபது நிமிடத்துக்குள் போகிறது. தண்ணீர் அழுக்கு, தெறிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் கயிற்றை இழுத்துத் திரையை ஏற்றிக்கொள்ள வேண்டும். கிழக்கும் மேற்கும் தனித்தனிப் படகுகள், பிரதுநாமில் மாற வேண்டும். வயதானவர்களை இதில் ஏற்ற வேண்டாம். தரைக்கும் படகுக்கும் இடையே எட்டி வைக்கிற அந்த ஓர் அடி அவர்களுக்கு ஆபத்து.

அரண்மனை நாள்

பாங்காக் பயணத்தில் அதிகமாகச் சொதப்புகிற நாள் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

அரண்மனை காலை 8.30-க்குத் திறக்கும், மாலை 3.30-க்குச் சீட்டு நின்றுவிடும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குப் போனால் மூன்று தொல்லை ஒன்றாக வரும்: சுற்றுலாப் பேருந்துக் கூட்டங்கள், நிழலே இல்லாத கல்முற்றம், உச்சி வெயில். 8.15-க்கு வாசலில் நின்றால் முதல் ஒரு மணி நேரம் மூச்சுவிட இடம் இருக்கும். நுழைவு 500 பாட். சீட்டை உள்ளே போனதும் எறிந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சிரிகித் அரசியின் துணி அருங்காட்சியகத்துக்கும் அது செல்லும். வெயில் ஏறிய பிறகு குளிர்சாதனத்தில் உட்கார அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை.

எந்தப் பக்கம் நுழைவது என்பதிலும் ஆட்கள் தடுமாறுகிறார்கள். எம்ஆர்டி சனம் சாய் நிலையத்தில் இறங்கி, 'அரண்மனை அருகில்' என்று வரைபடம் சொன்னதை நம்பி மதிலைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அந்த நிலையம் அருகில் இருப்பது வாட் போவுக்கு. அரண்மனையின் பயணிகள் வாசல் வடக்கே நா பிரா லான் சாலையில். நிலையத்திலிருந்து அங்கே போக வெயிலில் இருபது நிமிட நடை. படகில் வந்து தா சாங் துறையில் இறங்கினால் ஐந்து நிமிடம்தான்.

இந்த நடையில்தான் அந்தப் பழைய வேலையும் நடக்கும். நன்றாக உடுத்திய ஒருவர், சில சமயம் கழுத்தில் அடையாள அட்டையோடு, சிரித்துக்கொண்டே வருவார். 'இன்று பூஜை, மதியம் ஒரு மணி வரை மூடியிருக்கும். அதுவரை பெரிய நின்ற புத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள், டுக்டுக் இருபது பாட்தான்' என்பார். இருபது பாட்டுக்கு யாரும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட மாட்டார். அந்த வண்டி ஒரு சிறிய கோயிலில் நிற்கும், அங்கே இன்னொருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுத்து 'இன்று மட்டும் வரி இல்லாமல் நவரத்தினம் விற்கிறார்கள், உங்கள் ஊரில் இரட்டிப்பு விலைக்குப் போகும்' என்பார், அடுத்த நிறுத்தம் நகைக்கடை. கல் பெரும்பாலும் போலியல்ல. விலைதான் பல மடங்கு, ஊருக்கு வந்து விற்கப் போனால்தான் தெரியும். டுக்டுக் ஓட்டுநருக்குக் கடைக்காரர் எரிபொருள் கூப்பனும் தரகும் கொடுக்கிறார். அரச சடங்கு நாட்களில் அரண்மனை உண்மையாகவே மூடுவதும் உண்டு. அதை முந்தைய இரவு அரண்மனையின் தளத்தில் பாருங்கள், காலையில் வாசல் வரை நேரில் போய்ப் பாருங்கள். தெருவில் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். நம் ஊர் முகவர்கள் விற்கும் அரைநாள் நகரச் சுற்றுலாவிலும் ஒரு 'ஜெம்ஸ் கேலரி' கட்டாயமாக இருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் போகும் என்று தெரிந்தே பணம் கட்டுங்கள்.

உடை விஷயத்தில் அரண்மனை விட்டுக்கொடுக்காது. தோள் மூட வேண்டும், முழங்காலுக்குக் கீழ் வர வேண்டும், கிழிந்த ஜீன்ஸ், உடலோடு ஒட்டிய லெக்கிங்ஸ், மெல்லிய துணி எதுவும் ஆகாது. கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தினால் ஏற்க மாட்டார்கள், கை வைத்த சட்டையே வேண்டும். சல்வாரும் சேலையும் பிரச்சினையில்லை. அரைக்கால் சட்டையோடு போன ஆண்கள்தான் வாசல் கடையில் யானைப்படம் போட்ட கால்சட்டை வாங்குகிறார்கள். முந்தைய நாள் ஏதாவது சந்தையில் வாங்கியிருந்தால் விலை குறைவு.

உள்ளே மரகத புத்தர் சிலையை எதிர்பார்த்து 'இவ்வளவு சின்னதா' என்று திரும்புகிறவர்கள் உண்டு. உயரம் 66 செ.மீ.தான், அதுவும் உயரமான பீடத்தில். சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது, பாதம் சிலையைப் பார்க்கும்படி காலை நீட்டக் கூடாது. மண்டியிட்டோ காலை மடித்தோ உட்கார வேண்டும். நம்மவர்கள் தவறவிடுவது அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தை. சுவர் முழுக்க 178 பகுதிகளாக ராமாயணம், அவர்கள் ராமகியேன் என்பது. வடக்கு வாசல் பக்கத்தில் தொடங்கி வலமாகப் போனால் கதை வரிசையாக வரும். அங்கே ராவணன் பெயர் தோசகன், அதாவது தசகண்டன். அனுமன் பிரம்மச்சாரி அல்ல, காதல் விவகாரங்கள் நிறைய. வழிகாட்டிகள் இதை ஐந்து நிமிடத்தில் கடத்திவிடுவார்கள். கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வளாகத்தில் அரை மணி நேரம் செலவிடத் தகுந்த இடம் இதுதான்.

அடுத்து வாட் போ, 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தர், 300 பாட். பலர் சிலையைப் பார்த்ததும் வெளியேறிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் அமைதியான முற்றங்களும், வைத்திய முறைகளைப் பொறித்த கல்வெட்டுகளும், கோயில் மசாஜ் பள்ளியும் அதே சீட்டுக்குள் வருபவை. மசாஜுக்குத் தனிக் கட்டணம், போனதும் முதலில் பெயர் கொடுத்துவிட்டுச் சுற்றினால் காத்திருக்க வேண்டாம்.

அங்கிருந்து தா தியன் துறை, சில பாட் கொடுத்தால் அக்கரை, வாட் அருண். கோபுரத்தில் பதித்திருக்கும் பீங்கான் துண்டுகளை அருகில் நின்று பார்க்க வேண்டும். படிகள் செங்குத்து, ஏறுவதை விட இறங்கும்போதுதான் கால் நடுங்கும். இங்கே நடக்கும் தவறு சுவாரசியமானது: அஸ்தமனத்தில் வாட் அருண் படம் வேண்டும் என்று கோயிலுக்குள்ளேயே காத்திருக்கிறார்கள். கோயில் மேற்குக் கரையில் இருக்கிறது, சூரியன் அதற்குப் பின்னால்தான் இறங்கும். அந்தப் படத்துக்கு நீங்கள் கிழக்குக் கரையில், தா தியன் பக்கம் நிற்க வேண்டும். ஆற்றோர மாடி உணவகங்களில் அந்த நேரத்து மேசைக்கு முன்பதிவு தேவை, சும்மா படகுத்துறையில் நின்றாலும் காட்சி அதேதான்.

தமிழர்கள் பார்க்காமல் வருவது வருத்தமான இன்னொரு இடம், பெரிய ஊஞ்சல். வாட் சுதாத் முன்னால், எம்ஆர்டி சாம் யோட் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சிவப்பு மரத்தூண்கள். 1784-ல் நிறுவியது. ஊஞ்சலாடும் சடங்கு 1935-ல் நின்றுவிட்டது. அந்தச் சடங்கு நடந்த விழாவின் பெயர் திரியம்பவாய் திரிப்பவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். அரசவைப் பிராமணர்கள் பக்கத்திலுள்ள தேவஸ்தானக் கோயிலில் இன்றும் அந்த விழாவை நடத்துகிறார்கள். சீலோமில் பான் சாலை முனையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலும் 19-ஆம் நூற்றாண்டில் இங்கு குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய் மக்கள் கூட்டமாக வந்து கும்பிடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, காவலர் கண்டிப்பானவர். நவராத்திரி நிறைவு நாளில் சீலோம் சாலையையே மூடி ஊர்வலம் நடக்கும்; அன்று அந்தப் பக்கம் டாக்சி பிடிக்க நினைக்காதீர்கள்.

நகருக்கு வெளியே

மிதக்கும் சந்தை என்றால் எல்லோரும் டம்னோன் சடுவாக் போகிறார்கள். நகரத்திலிருந்து 100 கி.மீ. அங்கே சுறுசுறுப்பு காலை பத்து வரைக்கும்தான், எட்டு மணிக்கு ஹோட்டலை விட்டால் முடிந்த சந்தையைத்தான் பார்ப்பீர்கள். டாக்சி ஓட்டுநர் சந்தைக்கு முன்பே ஒரு தனியார் துறையில் இறக்கிவிட்டு, இங்கிருந்து படகில்தான் போக முடியும் என்பார். படகுக்கு ஆயிரம், இரண்டாயிரம் பாட் என்று கேட்பார்கள், அதில் ஓட்டுநருக்குப் பங்கு. சந்தை வரை சாலை இருக்கிறது, கரையோரம் நடந்தே பார்க்கலாம். படகு வேண்டுமென்றால் சந்தைக்குள் போய்ப் பேசினால் விலை இறங்கும். அம்பவா மாலைச் சந்தை இன்னும் உயிரோட்டமானது, ஆனால் வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும். தாலிங் சான் நகரத்துக்குள்ளேயே, அதுவும் சனி ஞாயிறுதான். தண்டவாளத்தின் மேல் கடை போடும் மேக்லோங் சந்தைக்கு ஒரு நாளில் சில ரயில்கள் மட்டுமே வரும். நேரம் தெரியாமல் போனால் அது சாதாரண மீன் சந்தை.

பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு ரயிலில் போகிறவர்கள் ஹுவா லாம்போங் நிலையத்தில் போய் நிற்பது இன்னும் நடக்கிறது. 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்களில் பெரும்பகுதி குருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்கு மாறிவிட்டது. சாதாரண ரயில்கள் சில மட்டும் பழைய இடத்திலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் நிலையப் பெயரைப் பாருங்கள். அயுத்தயாவின் வாட் மகாதாத் கோயிலில் மர வேருக்குள் இருக்கும் புத்தர் தலையோடு படம் எடுக்கும்போது நின்றபடி எடுக்கக் கூடாது, உங்கள் தலை அதைவிடத் தாழ்ந்திருக்கும்படி உட்கார வேண்டும். காவலர் விசில் அடிப்பார்.

சாதுசாக் வாரச் சந்தை சனி, ஞாயிறு மட்டுமே முழுமையாக இருக்கும். பிடிஎஸ் மோ சிட்டில் இறங்கி நடக்காமல் எம்ஆர்டி காம்பேங் பேட்டில் இறங்கினால் சந்தைக்குள்ளேயே வெளிவருவீர்கள். பிடித்த பொருளை 'சுற்றிவிட்டு வந்து வாங்கலாம்' என்று விட்டால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. கடை எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் பணமும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'நோ மீட்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காருவது தவறு. காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாறு, நூடுல்ஸில் மீன் சாறு, பச்சைக் கறி விழுதிலேயே அரைத்த இறால் விழுது. மேலே போடுவது மட்டும்தான் காய்கறி. மஞ்சள் பலகையில் சிவப்பில் 'ஜே' என்ற தாய் எழுத்து இருக்கும் கடைதான் பத்திரம். ஜே உணவில் மீன் சாறு மட்டுமல்ல, முட்டை, பால், வெங்காயம், பூண்டும் கிடையாது, ஜைனர்களுக்கும் ஓரளவு ஒத்துவரும். 'மங்சவிரத்' (சாதாரண சைவம்) என்றால் முட்டை இருக்கலாம். மற்றக் கடைகளில் 'மாய் சாய் நாம் பிளா' என்றால் மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். அதைத் தாய் எழுத்தில் வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது, ஏனென்றால் நம் உச்சரிப்பில் சுரம் தப்பும். மால்களின் உணவுக்கூடத்தில் அட்டையில் பணம் ஏற்றித்தான் வாங்க வேண்டும், மீதியை அன்றே முகப்பில் திருப்பி வாங்குங்கள். சீனர் பகுதியான யாவரத்தின் தெருக்கடைகளுக்குத் திங்கள்கிழமை போக வேண்டாம், பல கடைகள் இருக்காது.

பணத்தை விமான நிலைய வருகைக் கூடத்தில் முழுதாக மாற்றாதீர்கள். சுவர்ணபூமியிலேயே ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கினால் அங்குள்ள முகப்புகளில் அதே பணத்துக்குக் கூடுதல் பாட் கிடைக்கும். இந்திய ரூபாயை அங்கே போய் மாற்றுவதில் நஷ்டம் அதிகம். டாலராகவோ பாட்டாகவோ கொண்டுபோவது மேல். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பார்கள், ஆகவே சிறிது சிறிதாக எடுக்க வேண்டாம். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

விளையாட்டல்லாத விஷயங்கள்

மின்-சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். தெருவில் விற்பதைப் பார்த்து அனுமதி என்று நினைக்க வேண்டாம், பெட்டியில் கொண்டுபோவதும் குற்றம். அரச குடும்பத்தைப் பற்றி இழிவாகப் பேசினால் குற்றவியல் சட்டம் 112-ன் கீழ் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். கீழே விழுந்து பறக்கும் பாட் நோட்டைக் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது, அதில் அரசர் படம் இருக்கிறது. பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது. ஏதாவது தகராறு என்றால் சுற்றுலாக் காவல் எண் 1155.

கஞ்சாக் கடைகள் கண்ணில் படும். 2022-ல் தடை நீக்கினார்கள், 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மாற்றினார்கள். அங்கே நிலைமை எதுவானாலும் சென்னையில் இறங்கும்போது அது போதைப்பொருள் வழக்குதான். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் உயர்ரகக் கஞ்சாவும் ஆமை, பல்லி, குரங்குக் குட்டிகளும் பிடிபடுவது சென்னைச் சுங்கத்தில் அடிக்கடி வரும் செய்தி. டிக்கெட்டும் அறையும் இலவசம், திரும்பும்போது ஒரு பை மட்டும் எடுத்து வா என்று யாராவது சொன்னால், அது குருவி வேலை. விமான நிலையத்தில் 'எடை அதிகமாகிவிட்டது, இதை மட்டும் உங்கள் பெயரில் போடுங்கள்' என்று கேட்கும் முகம் தெரியாதவருக்கும் இதே பதில்தான்.

திரும்பும் நாள்

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்களைத் தேதிக் குழப்பத்தால் தவறவிடுகிறவர்கள் உண்டு. 15-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால் 14-ஆம் தேதி இரவு பத்துக்கு முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அறையை 14 பகலோடு காலி செய்வதால், பெட்டியை ஹோட்டலில் விட்டு மாலையைக் கழிக்கலாம், ஆனால் ஏழு மணி நெரிசலையும் கணக்கில் எடுத்துக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் மழையும் சேர்ந்துவிட்டால் டாக்சியை நம்பாமல் ரயிலுக்குப் போய்விடுவதே மேல்.

பெரிய கடைகளில் ஒரே நாளில் ஒரே கடையில் 2000 பாட்டுக்கு மேல் வாங்கியிருந்தால் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும், மறுநாள் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுத்த பிறகு இந்த நினைவு வந்தால் பயனில்லாமல் போகலாம். வாங்கிய தொகை அதிகமானால் முதலில் சுங்க முகப்பில் பொருளைக் காட்டி முத்திரை, பிறகு பெட்டி, குடியேற்றம் தாண்டி உள்ளே போன பிறகு பணம். புத்தர் சிலை வாங்கியிருந்தால் அதைக் கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி தேவைப்படலாம். கழுத்தில் போடும் சின்னத் தாயத்துக்குப் பிரச்சினையில்லை, பெரிய சிலையானால் அனுமதியை விற்ற கடைக்காரரே வாங்கித் தருவாரா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.